குளிர்பதனக் கலன் எப்போது உடைகிறது? ஐஸ் ஆலை, கோழி ஆலைத் தொழிலாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டுக்கு வரும் உறைந்த கோழி, இறால், ஐஸ்கிரீம், கல்யாண மண்டபத்தில் மூட்டை மூட்டையாக இறங்கும் ஐஸ் கட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் எந்திர அறை இருக்கிறது. அங்கே கம்ப்ரசர் ஓடும். பக்கத்தில் காப்புறை போர்த்திய பெரிய உருளைக் கலன்கள் நிற்கும். அவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் அமோனியா. கிள்ளான், ஷா ஆலாம், பிறை, பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகளில் இத்தகைய அறைகளுக்கு உள்ளும் வெளியும் வேலை செய்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆபரேட்டராகவும் மெயின்டனன்ஸ் ஆளாகவும் சூப்பர்வைசராகவும் லோரி ஓட்டுநராகவும் அங்கே பிழைக்கிறார்கள்.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் பெரிய அளவில் மாறிவிட்டது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, எந்திரச் சட்டம் ரத்தானது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. தண்டனை பத்து மடங்கு உயர்ந்துள்ளது. ஆபத்து என்று தெரிந்தால் வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த உரிமை எந்த நிமிடத்தில் பயன்பட வேண்டும் என்பதை அறியாதவருக்கு அதனால் பலனில்லை.

குளிர்பதனக் கலன்களைப் பொறுத்தவரை அந்த நிமிடம் எது என்பதற்கு உலக அனுபவத்தில் தெளிவான பதில் உண்டு. ஆலை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது கலன் பெரும்பாலும் உடைவதில்லை. நின்றுபோன ஆலையை மறுபடியும் ஓட்டும்போதும், ஐஸை உருக்கும்போதும், கரண்ட் போய் வந்த பிறகும்தான் உடைகிறது. அந்த நேரத்தில் வால்வின் முன்னால் நிற்பவர் பொறியாளர் அல்லர். இரவு ஷிப்டில் இருக்கும் ஓர் ஆபரேட்டர்.

குளிரில் எஃகின் குணம் மாறுகிறது

தோட்டத்து ஆலையில் வேலை செய்தவர்களுக்குப் பாய்லர் தெரியும். செம்பனை ஆலையில் பழக்குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசரும் தெரியும். சூடு ஏறினால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் ஆபத்து என்பது அவர்களின் கைப்பழக்கத்திலேயே இருக்கிறது. குளிர்பதனக் கலனில் கணக்கு வேறு. அங்கே அழுத்தம் குறைவாக இருக்கும்போதே இன்னொரு ஆபத்து தொடங்கிவிடுகிறது.

சாதாரண கார்பன் எஃகு நம் ஊர் வெப்பத்தில் நெகிழ்வுள்ளது. அளவுக்கு மீறி அழுத்தினால் முதலில் வளையும், உப்பும், பிறகுதான் கிழியும். உப்பலையோ கசிவையோ கண்டு நாம் விலகிக்கொள்ள நேரம் கிடைக்கலாம். அதே எஃகு மிகவும் குளிர்ந்துவிட்டால் அந்த நெகிழ்வை இழக்கிறது. சிறிய வெடிப்பு ஒன்று இருந்தால், அது கண்ணாடி போலக் கணத்தில் ஓடிப் பிளந்துவிடும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் அசையாமல் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல், ஒரு குளிர்ந்த இரவில் நடுவே இரண்டாகப் பிளந்தது. இந்தக் குணத்தைப் பொறியாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அத்தகைய கப்பல் விபத்துகளுக்குப் பிறகுதான்.

பல காலம் சாதாரண எஃகுக் கலன்களுக்கு மைனஸ் 29 டிகிரி செல்சியஸ் ஓர் எல்லைக்கோடாக இருந்தது. இன்றைய விதிகள் எஃகின் வகையையும் தகட்டின் தடிமனையும் பார்த்து எல்லையை முடிவு செய்கின்றன. இதில் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். தடித்த தகடு குளிரில் அதிகப் பாதுகாப்பு தராது. தடிமன் கூடக் கூட, எஃகு நொறுங்கும் குணத்துக்கு வரும் வெப்பநிலையும் மேலே ஏறுகிறது. "இரும்பு நல்ல கனம், ஒன்றும் ஆகாது" என்று சொல்வது பாய்லர் அறைப் பழக்கம். குளிர் அறையில் அது செல்லாது.

அமோனியாவின் கணக்கையும் பார்த்துவிடலாம். திறந்த வெளியில் அது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். விரைவு உறைபதனத்துக்காக மைனஸ் 40 டிகிரியில் ஓடும் கலனுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, ஏறக்குறைய 0.7 பார். அதே அமோனியா நம் ஊர் 30 டிகிரி வெயிலுக்கு வந்துவிட்டால் அழுத்தம் 11.7 பார் அளவுக்கு ஏறும். குளிர்ந்த கலன் உடையாமல் நிற்பதற்கு ஒரு காரணம், குளிரும்போது அதனுள் அழுத்தம் குறைந்துவிடுகிறது என்பதுதான். எஃகு இன்னும் குளிராக இருக்கும்போதே வெளியிலிருந்து சூடான வாயுவோ திரவமோ அழுத்தத்துடன் உள்ளே வந்தால் அந்தச் சமநிலை போய்விடும்.

அதனால்தான் சில கலன்களின் நேம் பிளேட்டில் இரண்டு வரிகள் இருக்கும். இந்த வெப்பநிலைவரை இவ்வளவு அழுத்தம் தாங்கும், அதற்கும் கீழே குளிர்ந்தால் இவ்வளவுதான் தாங்கும் என்று அவை சொல்கின்றன. கேஜில் தெரியும் அழுத்தம் சரியா தவறா என்பதை எஃகின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

லாங்ஃபோர்டில் நடந்தது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், லாங்ஃபோர்ட் என்ற இடத்தில் எஸ்ஸோ நிறுவனத்தின் எரிவாயு ஆலை உள்ளது. 1998 செப்டம்பர் 25ஆம் தேதி காலை, சூடான எண்ணெயைச் செலுத்தும் பம்புகள் நின்றுபோயின. வழக்கமாக 100 டிகிரி அளவில் சூடாக இருக்கும் வெப்பப் பரிமாற்றக் கலன் ஒன்று குளிரத் தொடங்கி, சில பகுதிகளில் மைனஸ் 48 டிகிரிவரை இறங்கியது. சூடாக இருக்க வேண்டிய கலனின் மேல் பனி படர்ந்தது. அங்கிருந்தவர்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆலையை மீண்டும் ஓட்ட வேண்டும், பனியை உருக்க வேண்டும் என்ற நோக்கில் 230 டிகிரி சூடான எண்ணெய் மறுபடியும் செலுத்தப்பட்டது. குளிர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த எஃகு அந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்கவில்லை. கலன் பிளந்து, ஏறக்குறைய 10 டன் எரிவாயு வெளியேறித் தீப்பற்றியது. இருவர் இறந்தனர், எட்டுப் பேர் காயமடைந்தனர். தீயை முழுமையாக அணைக்க இரண்டு நாள்களுக்கு மேல் பிடித்தது. மாநிலத்தின் வீடுகளும் தொழிற்சாலைகளும் இரண்டு வாரங்களுக்கு மேல் எரிவாயு இல்லாமல் தவித்தன.

அடுத்து எழுந்த கேள்வி யாருடைய தவறு என்பது. ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தோம், அவர்கள் அதன்படி நடக்கவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. அரச விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. உலோகம் குளிர்ந்தால் நொறுங்கும் என்பதும், அப்படிக் குளிர்ந்த கலனுக்குச் சூடான எண்ணெயைத் திருப்பக் கூடாது என்பதும் அங்கிருந்தவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை என்று 1999இல் ஆணையம் முடிவு செய்தது. வேலை முறைக் கையேட்டிலும் அந்த நிலைமைக்கு வழி சொல்லப்படவில்லை. அந்தப் பகுதிக்குச் செய்யத் திட்டமிட்டிருந்த ஆபத்து ஆய்வு தள்ளிப்போடப்பட்டு, செய்யப்படாமலே இருந்தது. ஆலையிலிருந்த பொறியாளர்களை 1992இலேயே மெல்பர்னுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். 2001இல் நிறுவனத்துக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

லாங்ஃபோர்ட் ஐஸ் ஆலை அன்று. ஆனால் அங்கே நடந்த மூன்று காரியங்களை எந்தக் குளிர்பதன ஆலையிலும் காணலாம். ஓட்டம் நின்றது. கலன் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்ற அவசரத்தில் சூடு திருப்பப்பட்டது.

கரண்ட் போய் வந்த பிறகு

குளிர்பதனத் துறைக்குள்ளேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. 2010 ஆகஸ்ட் 23ஆம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மில்லார்ட் என்ற குளிர்சேமிப்பு நிறுவனத்தில், முதல் நாள் 7 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. திரும்ப ஓட்டும்போது ஆபரேட்டர் ஓர் எச்சரிக்கையைக் கணினியில் நீக்கினார். ஐஸ் உருக்கும் சுற்றில் இருந்த ஒரு காயில், அந்தச் சுற்று முடியாமலே நேரடியாகக் குளிர்விக்கும் நிலைக்குப் போனது. காயிலில் இருந்த சூடான வாயுவும், குழாயில் இருந்த மிகக் குளிர்ந்த திரவமும் மோதின. வாயு நொடியில் ஒடுங்க, திரவம் சம்மட்டி போலப் பாய்ந்து, கூரை மேலிருந்த 12 அங்குலக் குழாயையும் உள்ளேயிருந்த காயிலையும் உடைத்தது. 32,000 பவுண்டுக்கு மேல், அதாவது 14 டன்னுக்கும் அதிகமாக அமோனியா வெளியேறியது. 150க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 32 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையின் தொழிலாளர்கள்கூட இல்லை. காற்று வீசிய திசையில் வேறு வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

2013 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஷாங்காயில் ஒரு குளிர்சேமிப்பு ஆலையில் 15 பேர் இறந்தனர். அங்கேயும் சூடான அமோனியாவைச் செலுத்தி ஐஸை உருக்கினார்கள். அதே சம்மட்டி அடி. ஏற்கனவே வெல்டிங் குறையோடிருந்த குழாய் மூடி கழன்று பறந்தது. அந்த நேரத்தில் அங்கே தொழிலாளர்கள் வேலையில் இருந்தார்கள்.

இடிமழைக்குக் கரண்ட் போவது நம் நாட்டில் புதிதல்ல. போன கரண்ட் வந்ததும், உள்ளே இருக்கும் சரக்கு கெட்டுவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டச் சொல்வதும் புதிதல்ல. அங்கே வேலை செய்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கரண்ட் போனபோது எந்தக் காயில் ஐஸ் உருக்கும் சுற்றில் இருந்தது? அதை முதலில் திரவம் வடித்து, அழுத்தத்தை மெதுவாக இறக்கி, பிறகுதானே குளிர்விக்கும் பக்கம் திருப்ப வேண்டும்?

தினசரி வேலையில் கவனிக்க வேண்டியவை

பெரிய விபத்துகள் செய்தியாகின்றன. சிறிய தவறுகள் செய்தியாவதில்லை, ஆனால் கையையும் கண்ணையும் பறிக்கின்றன.

முதலாவது, இரண்டு வால்வுகளுக்கு நடுவே அடைபட்ட திரவம். குழாயின் இரு முனையையும் மூடி, நடுவில் குளிர்ந்த அமோனியாத் திரவம் நிறைந்து நின்றால், அது சூடாகும்போது விரிவதற்கு இடமில்லை. அழுத்தம் குழாயையோ வால்வையோ உடைக்கும் அளவுக்கு ஏறிவிடும். எந்த வால்வை மூடினாலும் அடுத்த வால்வு எது, நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூட வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் வடிப்பது. கம்ப்ரசரிலிருந்து போகும் எண்ணெய் குளிர்ந்த கலன்களின் அடியில் தேங்கும். குளிரில் அது பாகு போல இறுகிவிடும். வால்வைத் திறந்தும் வரவில்லையே என்று இன்னும் திறந்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்பினால், அடைப்பு விலகி எண்ணெய்க்குப் பின்னால் அமோனியா பீறிடும். கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வு அங்கே இருக்க வேண்டும். அதைக் கம்பி கட்டித் திறந்து வைத்திருந்தால் அது பாதுகாப்பு வால்வாகாது. இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது.

மூன்றாவது, காப்புறைக்கு அடியில் நடக்கும் துரு. நம் நாட்டின் ஈரக்காற்றில் இது பெரிய பிரச்சினை. காப்புறை கிழிந்த இடத்தில் ஈரம் புகுந்து, ஐஸாகி, உருகி, மறுபடி ஐஸாகும்போது உள்ளே எஃகு அரித்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் போர்வைதான் தெரியும். வழக்கமில்லாத இடத்தில் ஐஸ் கட்டினாலோ, காப்புறை உப்பினாலோ, துருக்கறை வடிந்தாலோ, "அண்ணே, இங்கே புதுசா ஐஸ் கட்டியிருக்கு" என்று சொல்லும் இளைஞனைச் சூப்பர்வைசர் அதட்டி அனுப்பக் கூடாது. அவன் சொன்னதை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும்.

நான்காவது, வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் கலன். அதில் துவாரம் விழுந்தால் அமோனியா வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மூக்குக்குத் தெரியாது. உள்ளே போன பிராணவாயு, அமோனியா இருக்கும் எஃகில் வெடிப்பு வளரத் துணை செய்யும். கண்டென்சர் அழுத்தம் காரணமில்லாமல் கூடிக்கொண்டே போனால், காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரியமில வாயுவில் ஓடும் புதிய ஆலைகளுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அதன் அழுத்தம் 5.2 பாருக்குக் கீழே இறங்கினால் திரவம் உலர்பனியாக உறைந்து, மைனஸ் 78 டிகிரிவரை போகும். அழுத்தம் இழந்த கலனைப் பழையபடி உடனே நிரப்பினால், உறைந்து நொறுங்கும் நிலையில் உள்ள எஃகின் மேல் அழுத்தத்தை ஏற்றுவதாகும். எஃகு சூடாகும்வரை காத்திருந்து, பிறகே அழுத்தம் ஏற்ற வேண்டும்.

கசிந்தால் என்ன செய்வது? அமோனியா வாயு காற்றைவிட லேசானது என்று பாடத்தில் இருக்கும். ஆனால் குளிர்ந்த திரவமாகப் பீறிடும்போது ஈரக்காற்றில் வெண்புகையாகித் தரையை ஒட்டியே பரவும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் போய்ச் சேர வேண்டும். தேங்கி நிற்கும் அமோனியாத் திரவத்தின் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது, அது இன்னும் வேகமாகக் கொதித்தெழும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டின் வரம்பு. 300 பங்கு இருந்தால் உயிருக்கே ஆபத்து. விழுந்த நண்பனைத் தூக்கத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடுபவரும் அவன் பக்கத்திலேயே விழக்கூடும். தனிக் காற்றுக் கலன் மாட்டிய, பயிற்சி பெற்ற ஆள்தான் உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் 999ஐ அழைத்து, அமோனியா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு நிலை

2018 ஆகஸ்டில் ஷா ஆலாமில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா கசிந்து இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர், மேலும் பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் கதை என்று நாம் ஒதுக்க முடியாது.

இனி இத்தகைய ஆலைகள் குறையப் போவதும் இல்லை. புவி வெப்பத்தைக் கூட்டும் செயற்கைக் குளிர்பதன வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் இணைந்துள்ளன. அமோனியாவும் கரியமில வாயுவும் அந்த இடத்தை நிரப்பும். ஓசோனையும் கெடுக்காது, வெப்பத்தையும் கூட்டாது என்பதால் சுற்றுச்சூழலுக்கு அமோனியா நல்லது. எந்திர அறையில் நிற்பவருக்கு நல்லதாக இருக்க வேண்டுமானால் பயிற்சியும் பராமரிப்பும் கூடவே வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அழுத்தக் கலனுக்குத் தகுதிச் சான்றிதழ், நாம் சி.எஃப். என்று சொல்வது, புதிய ஏற்பாட்டிலும் தொடர்கிறது. கலனின் பி.எம்.டி. பதிவு எண்ணைப் பார்த்தால் அது பதிவானதா என்று தெரியும். முதலாளி தன் கடமையில் தவறினால் முன்பு 50,000 ரிங்கிட்வரை அபராதம். இப்போது 500,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி கட்டாயமில்லை என்றால் ஓர் ஒருங்கிணைப்பாளராவது இருக்க வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். ஆபத்து மதிப்பீடு செய்வது கட்டாயம். கான்ட்ராக்ட் ஆள்களை வைத்து வேலை வாங்கும் நிறுவனமும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

எல்லாவற்றையும்விடத் தொழிலாளிக்கு நெருக்கமானது 26ஏ பிரிவு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பினால், அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காத நிலையில், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது. சிங்கப்பூரிலும் குளிர்பதன ஆலையின் அழுத்தக் கலன்கள், பாய்லரைப் போலவே, அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்துச் சான்றளிக்க வேண்டிய வகையில் சேர்க்கப்பட்டுள்ளன.

சட்டத்துக்கும் ஷிப்டுக்கும் நடுவே

காகிதத்தில் இது நல்ல சட்டம். இடைவெளி எங்கே இருக்கிறது?

சான்றிதழ் என்பது பரிசோதித்த அன்றைய நிலையைச் சொல்வது. கலன் நல்ல கலன் என்று அது சொல்லும். நள்ளிரவில் கரண்ட் வந்ததும் எந்த வால்வை முதலில் திறப்பது என்று சொல்லாது. லாங்ஃபோர்ட் கலன் சாதாரண ஓட்டத்தில் ஆண்டுக்கணக்கில் நன்றாகத்தான் வேலை செய்தது. குறை இருந்தது வேலை முறையிலும் பயிற்சியிலும். சி.எஃப். சுவரில் தொங்குகிறது என்பதோடு நிர்வாகமும் தொழிலாளியும் திருப்தி அடைந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அடுத்தது மொழி. கையேடு ஆங்கிலத்தில், எச்சரிக்கைப் பலகை மலாயில். வேலை செய்பவர்களில் நேப்பாளத்தவரும் வங்காளதேசத்தவரும் மியன்மார்க்காரரும் உண்டு. நடுவில் மூன்று மொழி பேசும் சூப்பர்வைசராக நம்மவர் ஒருவர் இருப்பார். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் யாருக்குப் புரிந்தது என்று தெரியும். அந்தச் சூப்பர்வைசரின் கையில் இன்று பல உயிர்கள் இருக்கின்றன. அவருக்கு முறையான பயிற்சி தராமல் அனுபவத்தை மட்டும் நம்பி விடுவது அவருக்கும் அநியாயம்.

மூன்றாவது பயம். உரிமை உண்டு என்றாலும், ஓவர்டைம் போய்விடும், அடுத்த மாதக் கான்ட்ராக்ட் கிடைக்காது என்ற கணக்கு ஒவ்வொருவர் மனத்திலும் ஓடுகிறது. வேலை அனுமதியை முதலாளியிடம் நம்பியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். விலகி நின்றவரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி நடைமுறையில் காக்கப்படுகிறதா என்பதை அமலாக்கத் துறையும் தொழிற்சங்கங்களும் வழக்கு வழக்காகக் காட்ட வேண்டும். அப்படி நாலு வழக்கு வெளியே தெரிந்தால்தான் ஐந்தாமவருக்குத் துணிவு வரும்.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சிறிய ஐஸ் ஆலைக்கு இலாபம் குறைவு, பழைய கலனை மாற்றப் பெரும் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நாம் மேலே பார்த்தவற்றில் பெரும்பாலானவை புதிய கலன் கேட்பவை அல்ல. ஆலையைத் திரும்ப ஓட்டும் வரிசையை ஒரு தாளில் எழுதி ஒட்டுவது, கணினியில் எச்சரிக்கையை நீக்குவதற்கு இரண்டாம் ஆளின் ஒப்புதல் வேண்டும் என்று வைப்பது, எண்ணெய் வடிக்க இரண்டு பேரை அனுப்புவது, ஐஸ் உருக்கும்போது அந்த அறையில் மற்றவர்களை நிறுத்தாமல் இருப்பது, இவற்றுக்குச் செலவு சில மணி நேரம்தான். உள்ளே இருக்கும் சரக்கு கெட்டால் காப்புறுதி உண்டு. தாமதமானால் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

நாளைக்கே கேட்கலாம்

குளிர்பதன ஆலையில் வேலை செய்பவர்களும், பிள்ளைகளை அங்கே வேலைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கலனின் நேம் பிளேட்டில் எழுதியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை என்ன, நாம் ஓட்டுவது அதற்கு மேலேயா கீழேயா? கரண்ட் போய் வந்தால் ஓட்டும் வரிசை எழுத்தில் இருக்கிறதா, எனக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? பாதுகாப்பு வால்வைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே, அதை மேலிடத்தைக் கேட்காமல் அழுத்த எனக்கு அனுமதி உண்டா? கசிந்தால் எந்த வாசலில் வெளியேறி எங்கே கூட வேண்டும், கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தோம்?

பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் வையுங்கள். சூப்பர்வைசருக்கு ஒரு வாட்சாப் செய்தி போதும், தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் புகார் செய்யலாம். நாளை ஏதாவது நடந்தால், "சொல்லிக் கொடுத்தோம், அவன்தான் கேட்கவில்லை" என்ற பேச்சு வரக்கூடும். லாங்ஃபோர்டில் அது பொய்யென்று நிரூபிக்க ஓர் அரச ஆணையம் தேவைப்பட்டது. நம் ஆலையில் அந்த வேலையை உங்கள் லாக் புத்தகமே செய்யும்.